மண்ணுக்கடியில் ஒரு கட்டு

எலுமிச்சை மரம் பட்டுப்போய் ஆறு மாதமாகிவிட்டது. இலை கொட்டும் பருவத்தில் செத்தது. குளிர்காலம் முழுக்க வெறும் குச்சியாக நின்றது. குளிர் விட்டதும் மேலே இருந்ததை வெட்டி விறகாக்கியாயிற்று. அடிக்கட்டையைத் தோண்டி எடுக்க மட்டும் ஊரே குழாய்க்காரர் என்று கூப்பிடும் வீட்டுக்காரருக்குக் கை வரவில்லை.

"டேய், உன் பொண்ணு பத்து மணிக்கு வர்றா," என்றாள் அவருடைய அக்கா, சமையலறை ஜன்னல் வழியாக. "உள்ள நுழைஞ்சதும் அவ கண்ணுல படப்போறது இந்தக் கட்டைதான். அதைத் தோண்டி எறி. முடியலைன்னா மேல ஒரு துணியாவது போட்டு மூடு."

"துணி போட்டு மூட அது என்ன சோபாவா?"

"வாய்க்கு ஒண்ணும் குறைச்சலில்ல. அந்த வாயாலதான இவ்வளவும்."

அவர் சட்டைக் கையைச் சுருட்டிவிட்டார். மண்வெட்டியை எடுத்துக்கொண்டார்.

அந்த வாயால் நடந்ததைத்தான் ஆறு மாதமாக மென்றுகொண்டிருக்கிறார். மனைவி இறந்துபோன பிறகு, "இவ்வளவு பெரிய வீட்டுல நான் மட்டும் என்ன பண்ணுவேன், நீங்க ரெண்டு பேரும் இங்கேயே வந்துடுங்க" என்று மகளையும் மாப்பிள்ளையையும் அழைத்தவர் அவரேதான். இரண்டரை வருஷம் ஒரே கூரையின் கீழ் இருந்தார்கள். மகளுக்கு நூலகத்தில் வேலை. மாப்பிள்ளை மூக்குக்கண்ணாடிக் கடையில் கண்ணாடி தேய்த்துப் பொருத்துகிறவர். அதிர்ந்து பேசத் தெரியாத மனுஷன். ஒரு நாளைக்கு நாலு வார்த்தைதான் என்று யாரோ கணக்கு வைத்துக் கொடுத்த மாதிரி பேசுவார்.

பிறகு மனைவி வைத்த எலுமிச்சை மஞ்சளாகத் தொடங்கியது. வெயில் காலத்தில் இலை மஞ்சளானது, மழைக்காலத்தில் கொத்துக் கொத்தாக உதிர்ந்தது. தாகமாக இருக்கும் என்று குழாய்க்காரர் மேலும் மேலும் தண்ணீர் விட்டார். தண்ணீர் விட விட மரம் வாடியது.

ஒரு ஞாயிற்றுக்கிழமை, அவருடைய பழைய கூட்டாளிகள் நாலு பேர் மதியச் சாப்பாட்டுக்கு வந்து தோட்டத்தில் உட்கார்ந்திருந்தார்கள். "என்னய்யா, மரத்துக்கு என்னாச்சு?" என்று ஒருவர் கேட்டார். அந்த நேரம் பார்த்து மாப்பிள்ளை தண்ணீர்ச் சொம்போடு வந்தார்.

"அவரைக் கேளு," என்றார் குழாய்க்காரர். "துணி துவைக்கிற மெஷின் தண்ணியை எல்லாம் தோட்டத்துல விட்டது யாரு? என் வீட்டுச் சோத்தைத் தின்னுட்டு, என் பொண்டாட்டி வெச்ச மரத்தையே கொன்னுட்டாரு."

சொம்பை மேஜைமேல் வைத்துவிட்டு மாப்பிள்ளை உள்ளே போனார். மறு வாரம் இருவரும் வேறு வீடு பார்த்துக்கொண்டு போய்விட்டார்கள். போகும்போது மகள் அழவில்லை. அதுதான் அவரை இன்னும் உறுத்திக்கொண்டிருக்கிறது.

குளிர் தொடங்கியதும் அக்கா பெட்டியோடு வந்து இறங்கினாள். "நீ சமைச்சுச் சாப்பிட்டா அடுத்த பருவம் வரைக்கும் தாங்க மாட்டே" என்று சொல்லி அடுப்பைக் கைப்பற்றினாள். போன வாரம் மகளிடமிருந்து ஃபோன் வந்தது. ஒரு நிமிஷம்கூடப் பேசவில்லை. "சனிக்கிழமை வரேன்ப்பா. என் சர்டிபிகேட்டு, கம்பளி எல்லாம் அங்க இருக்கு. எடுத்துக்கணும்."

வெயில் காலம் வரப்போகிறது, கம்பளி எதற்கு என்று அக்காதான் கேட்டாள். அவருக்கு அது தோன்றவே இல்லை. அவள் வருகிறாள் என்ற ஒன்றே காதில் விழுந்தது.

இன்று சனிக்கிழமை.

*

மண் முதலில் இளகிக் கொடுத்தது. தக்காளி நாற்றுக்காகக் கிளறி வைத்திருந்த பாத்தியைத் தாண்டி, கட்டையைச் சுற்றி ஒரு முழ ஆழம் தோண்டினார். வேர் வெட்ட வெட்டக் கறுப்பாக, நசநசவென்று வந்தது. அழுகல் வாடை குப்பென்று மூக்கில் ஏறியது.

மண்வெட்டியை நிறுத்திவிட்டு ஒரு வேரை எடுத்துக் கசக்கினார். தோல் தனியாக உருவிக்கொண்டு வந்தது.

சோப்புத் தண்ணீர் பட்டு மரம் சாகலாம். ஆனால் ஒரு முழ ஆழத்தில் வேர் இப்படி ஊறி அழுகாது. ஊறி அழுகுவதென்றால் மாதக்கணக்கில், வருஷக்கணக்கில் தண்ணீர் நின்றிருக்க வேண்டும். எந்த வீட்டுச் சுவரைத் தொட்டாலும் உள்ளே எங்கே ஈரம் என்று சொல்கிறவர் அவர். இது அவருக்குத் தெரியாத விஷயமல்ல. தெரிந்துகொள்ளத்தான் விரும்பவில்லை.

அடுத்த வெட்டில் குழாய் தெரிந்தது.

அவர் போட்ட குழாய்தான். நாலு வருஷத்துக்கு முன்னால், மனைவிக்கு உடம்பு முடியாமல் போன வருஷம். வாளி தூக்கி மூச்சு வாங்கிக்கொண்டு செடிகளுக்குத் தண்ணீர் விடுவாள். வேண்டாம் என்றால் கேட்க மாட்டாள். அவளுக்காகத் தோட்டத்துக் கோடிவரை மண்ணுக்கடியில் குழாய் இழுத்து, எலுமிச்சைக்குப் பக்கத்தில் ஒரு திருப்பம் கொடுத்து, கோடியில் ஒரு குழாய்வாய் வைத்தார்.

கையால் மண்ணை விலக்கினார். திருப்பத்தில், இரண்டு குழாய் சேரும் மூட்டில், ஏதோ கறுப்பாகச் சுற்றியிருந்தது.

அது அவருடைய வேலை இல்லை.

சைக்கிள் டியூபை இரண்டு விரல் அகலத்துக்கு வெட்டி, சுருக்கம் விழாமல் இழுத்து, நாலு சுற்றுச் சுற்றியிருந்தது. அதன்மேல் மெல்லிய செம்புக் கம்பி. ஒரு சுற்றுக்கும் அடுத்த சுற்றுக்கும் இடைவெளி அளந்து வைத்த மாதிரி. கம்பியின் இரண்டு முனையையும் முறுக்கி, மடித்து, ரப்பருக்கு அடியில் செருகியிருந்தது. பின்னால் யாராவது தோண்டினால் கையில் குத்திவிடக் கூடாது என்று.

குழாய் வேலை செய்கிற எவனும் இப்படிக் கட்ட மாட்டான். அவனுக்கு அவ்வளவு பொறுமை கிடையாது. கண்ணாடிச் சட்டத்துக்கு எறும்புக் கண் அளவில் திருகாணி முடுக்குகிற கைதான் இப்படிக் கட்டும்.

குழாய்க்காரர் பள்ளத்துக்குள் முழங்காலிட்டபடியே இருந்தார். மூச்சு வாங்கியது. தோண்டிய களைப்பு என்று நினைத்துக்கொள்ளப் பார்த்தார்.

கம்பியை நீக்கினார். ரப்பரைச் சுற்றுச் சுற்றாகப் பிரித்தார்.

"அக்கா! தோட்டத்துக் குழாய் வால்வைக் கொஞ்சம் திற!"

"இப்ப எதுக்கு?"

"திறயேன்!"

வீட்டுச் சுவரோரம் வால்வு கிறீச்சிட்டது. மூட்டில் முதலில் ஒரு துளி திரண்டது. பிறகு ஊசி மாதிரி ஒரு பீச்சல், நேராக எலுமிச்சை வேர் இருந்த இடத்தைப் பார்த்து அடித்தது.

"மூடு, மூடு!"

ஊரில் யார் வீட்டில் குழாய் ஒட்டினாலும் அவர் சொல்கிற பேச்சு ஒன்று உண்டு. பசை போட்டால் ஒரு முழு நாள் தண்ணீர் திறக்கக் கூடாது. அவசரப்பட்டால் உள்ளே மயிரிழை விரிசல் விடும், மேலே பார்த்தால் தெரியாது. நாற்பது வருஷமாக எத்தனையோ வீடுகளில் சொல்லியிருக்கிறார்.

அன்றைக்குப் பசை காய ஒரு மணி நேரம்கூட அவர் விடவில்லை. மனைவி கோடியில் நின்றுகொண்டு, "ஒரே ஒரு தடவை திறந்து காட்டுங்களேன், பார்த்துட்டு உள்ள போயிடறேன்" என்றாள். அவள் முகத்தில் அப்படி ஒரு சிரிப்பைப் பார்த்து வெகு நாளாகியிருந்தது. திறந்துவிட்டார். தண்ணீர் வந்தது. அவள் கை தட்டினாள். அவர் மண்ணைத் தள்ளி மூடினார்.

அப்படி மூடியதுதான். மரத்தைக் கொன்றது அவர் ஒட்டின மூட்டு. அதைக் கண்டுபிடித்து, தோண்டி, கட்டுப் போட்டு, மண்ணை மூடி, ஒரு வார்த்தை பேசாமல் இருந்தவரைத்தான் நாலு பேர் முன்னால் அப்படிச் சொன்னார்.

அக்கா பள்ளத்தின் விளிம்பில் வந்து நின்றாள். ஒழுகின குழாயைப் பார்த்தாள், தம்பி கையிலிருந்த ரப்பரைப் பார்த்தாள். அவளுக்கு யாரும் விளக்க வேண்டியிருக்கவில்லை.

"கடவுளே," என்றாள் மெதுவாக. இவ்வளவு சுருக்கமாக அவள் பேசி அவர் கேட்டதே இல்லை.

வாசலில் வண்டிச் சத்தம் கேட்டது.

*

மகள் மட்டும்தான் உள்ளே வந்தாள். யாரிடமோ இரவல் வாங்கிய சின்ன வேன் தெருவோரம் நின்றது. ஓட்டுகிற இடத்தில் மாப்பிள்ளை, கை இரண்டும் ஸ்டியரிங்மேல்.

"வாம்மா," என்றார் குழாய்க்காரர். முழங்கால்வரை சேறு. எங்கே நிற்பது என்று தெரியாமல் கொல்லைக் கதவிலேயே நின்றார். "இளைச்சுட்டியே."

"அப்படியேதான் இருக்கேன்ப்பா. நீங்கதான்..." அவள் முடிக்கவில்லை. "என்ன இது, இவ்வளவு சேறு?"

"கட்டையைத் தோண்டிட்டிருந்தேன்."

"இன்னிக்கா?"

"உனக்காகத்தான் தோண்டினான்," என்றாள் அக்கா. "நீ வந்தா உக்கார வைக்க நல்ல நாற்காலி ஒண்ணு இல்ல இந்த வீட்டுல. ஆனா பள்ளம் தயாரா இருக்கு. உக்காரு, டீ போடறேன். அவரையும் கூப்பிடு."

"அவர் வரலை அத்தை. வண்டியில இருக்கேன்னார்."

அக்கா தம்பியைப் பார்த்தாள். தம்பி தரையைப் பார்த்தார்.

மகள் தன் பழைய அறைக்குள் போனாள். அலமாரி திறக்கிற சத்தம், காகிதம் புரள்கிற சத்தம். அவர் அறை வாசலில் நின்றுகொண்டு அவள் முதுகையே பார்த்தார். கம்பளிகளை உதறி உதறி மடித்தாள். ஒவ்வொன்றையும் மூன்றாக மடித்து ஓரத்தைத் தடவிவிடுவது அப்படியே அவள் அம்மா.

"ஏம்மா," என்று மகளைக் கூப்பிட்டார்.

"சொல்லுங்கப்பா."

"அந்த மூட்டுல ரப்பர் சுத்தினது யாரு?"

மகளின் கை நின்றது. திரும்பவில்லை.

"தோண்டிட்டீங்களா?"

"உனக்குத் தெரியுமா?"

"தெரியும்." மெதுவாகத் திரும்பி, கம்பளியை மடியில் வைத்துக்கொண்டு கட்டில் ஓரத்தில் உட்கார்ந்தாள். "மழை நின்ன வாரம். மரத்தைச் சுத்தி மட்டும் மண்ணு காயவே இல்லைன்னு அவர்தான் கவனிச்சார். நீங்க வேலைக்குப் போயிருந்தப்ப தோண்டிப் பார்த்தார். அப்பவே வேர் போயிடுச்சு. இனிமே மரம் பிழைக்காதுன்னார்."

"என்கிட்ட ஏன் சொல்லலை?"

"சொல்லலாம்னு நான் சொன்னேன்ப்பா. வேண்டாம்னார். அது அம்மாவுக்காகப் போட்ட குழாய், அதுதான் மரத்தைக் கொன்னுச்சுன்னு தெரிஞ்சா அப்பா உடைஞ்சு போயிடுவார், மரம் தானா பட்டுப்போச்சுன்னே இருக்கட்டும்னார்."

"சோப்புத் தண்ணி?"

"அது கல்வாழைப் பக்கம்தானே போகும்? இந்தப் பக்கம் வரவே வராது. நீங்க ஒரு நாள் நின்னு பார்த்திருந்தா தெரிஞ்சிருக்கும்."

ஜன்னலுக்கு வெளியே மதில் ஓரத்தில் கல்வாழை கொழுத்து நின்றது. குளிரில் மடிந்தது போக, புதுக் குருத்து நாலைந்து சுருள் சுருளாகக் கிளம்பியிருந்தது.

"அன்னிக்காவது சொல்லியிருக்கலாமே," என்றார். குரல் அவருக்கே கேட்கவில்லை. "நான் அப்படிப் பேசினப்ப... என் மூஞ்சியில அடிச்ச மாதிரி சொல்லியிருக்கலாமே."

"அது என்னைக் கேட்டு என்ன பிரயோஜனம்ப்பா?" என்றாள் மகள். கோபமில்லாமல்தான் சொன்னாள். "அவர் அங்கதான் இருக்கார்."

*

வாசலுக்கும் வேனுக்கும் இருபது தப்படி இருக்கும். குழாய்க்காரர் கை கழுவக்கூட நிற்கவில்லை. நின்றால் போக மாட்டோம் என்று பயம்.

அவர் வருவதைப் பார்த்ததும் மாப்பிள்ளை அவசரமாகக் கதவைத் திறந்துகொண்டு இறங்கப் போனார். பெரியவர் வந்தால் உட்கார்ந்திருக்கத் தெரியாது அவருக்கு.

"இருங்க மாப்பிள்ளை, இறங்க வேண்டாம்."

பாதி திறந்த கதவோடு அவர் உட்கார்ந்தார். தலையில் ஓரிரண்டு நரை. ஆறு மாதத்தில் வந்ததா, முன்பே இருந்ததா என்று குழாய்க்காரருக்குத் தெரியவில்லை.

கையிலிருந்த ரப்பரை நீட்டினார். வழியெல்லாம் அதைப் பிடித்துக்கொண்டே வந்திருந்தது அப்போதுதான் அவருக்கே தெரிந்தது.

மாப்பிள்ளை அதைப் பார்த்தார். விரலால் அதன் ஓரத்தைத் தொட்டார்.

"தப்பு என் மேலதான்," என்றார் குழாய்க்காரர். "பசை காயறதுக்குள்ள தண்ணி திறந்துட்டேன். மூணு வருஷத்துக்கு மேல ஒழுகியிருக்கு. நான் வீடு வீடாப் போய் உபதேசம் பண்ணிக்கிட்டிருந்தேன்."

"விடுங்க மாமா."

"விட முடியலை மாப்பிள்ளை. ஏன் அன்னிக்குச் சொல்லலை?"

 மாப்பிள்ளை மூக்குக்கண்ணாடியைக் கழற்றிச் சட்டை நுனியால் துடைத்து மறுபடி மாட்டிக்கொண்டார்.

"உங்க கூட்டாளிங்க நாலு பேர் உக்காந்திருந்தாங்க மாமா. குழாய்க்காரர் வீட்டுலயே குழாய் ஒழுகுதுன்னு அவங்க முன்னாடி எப்படிச் சொல்றது?"

குழாய்க்காரர் ரப்பரை விரலில் சுற்றினார். அந்த நாலு பேருக்கு முன்னால் தான் என்ன சொன்னோம் என்பதை இவர் திருப்பிச் சொல்லிக்காட்டியிருந்தால்கூடத் தாங்கியிருப்பார்.

"என்னை மன்னிச்சுடுங்க," என்றார். வயதில் சின்னவரிடம் அந்த வார்த்தையைச் சொல்வது அவருக்கு இதுவே முதல் தடவை. சொன்ன பிறகு, இவ்வளவு சின்ன வார்த்தையா என்று இருந்தது.

"ஐயோ, பெரிய வார்த்தையெல்லாம் எதுக்கு மாமா? கோபமெல்லாம் எப்பவோ போயிடுச்சு." மாப்பிள்ளை ஸ்டியரிங்கைத் தடவினார். "அந்தப் பேச்சுதான் காதை விட்டுப் போக மாட்டேங்குது. சாப்பிட உக்காந்தா வருது. நான் என்ன பண்ணட்டும்? வேணும்னு வெச்சுக்கலை."

"உள்ள வாங்க. ஒரு டீ..."

"இன்னொரு நாள் வரேன் மாமா." மரியாதையாகத்தான் சொன்னார். "அவ உங்ககிட்ட ஒரு விஷயம் பேசணும்னு வந்திருக்கா. சர்டிபிகேட்டுக்காக மட்டும் வரலை. அவளைக் கேளுங்க."

*

அடுக்களை மேஜையில் டீ ஆறிக்கொண்டிருந்தது. மகள் கோப்பையைத் தொடவில்லை. கம்பளிகள் ஒரு அட்டைப்பெட்டியில், சர்டிபிகேட்டுகள் மேலே ஒரு உறையில்.

"மன்னிப்புக் கேட்டேன்," என்றார் குழாய்க்காரர், எதிரே உட்கார்ந்து.

"ம்."

"ஏதோ பேசணும்னியாமே."

மகள் அத்தையைப் பார்த்தாள். அக்காவுக்கு வழக்கமாக இப்படிப்பட்ட நேரத்தில்தான் பாத்திரம் கழுவ வேண்டிவரும், அங்கேயே, காது எட்டுகிற தூரத்தில். இன்று கையைத் துடைத்துக்கொண்டு தோட்டத்துப் பக்கம் போய்விட்டாள்.

"அவருக்கு வெளிநாட்டுல வேலை கிடைச்சிருக்குப்பா. கண்ணாடி வில்லை செய்யற பெரிய தொழிற்சாலை. மூணு வருஷம். முதல்ல கத்துக்குடுப்பாங்க, அப்புறம் அங்கேயே வேலை."

"நல்லதாச்சே."

"ரொம்பக் குளிர்ற ஊர்."

கம்பளி எதற்கு என்று இப்போது புரிந்தது.

"எப்ப?"

"திங்கட்கிழமைக்குள்ள பதில் எழுதணும். சரின்னு எழுதினா அடுத்த மாசம் கிளம்பணும்." கோப்பையைச் சுற்றிச் சுற்றித் திருப்பினாள். "இன்னும் எழுதலை. அவர் என்கிட்ட விட்டுட்டார். உங்க அப்பா அங்க தனியா இருக்கார், உனக்கு மனசு வந்தா போகலாம், இல்லைன்னா இந்தக் கடையே போதும்னு சொல்லிட்டார். அதான்... உங்களைக் கேட்டுட்டு எழுதலாம்னு வந்தேன்."

 குழாய்க்காரருக்குப் போகாதே என்று வாய்வரை வந்துவிட்டது. போகாதேம்மா, உன் அறை அப்படியேதான் இருக்கு, நான் இனிமே வாயைத் திறக்க மாட்டேன், ரெண்டு பேரும் வந்துடுங்க. அத்தனையும் வரிசையாக வந்து நின்றது.

வெளியே அந்த வேனும், கண்ணாடியைக் கழற்றித் துடைத்துக்கொண்ட அந்த மனுஷனும் நினைவுக்கு வந்தார்கள். சாப்பிட உட்கார்ந்தால் காதில் கேட்கிறது என்றாரே. ஏற்கெனவே ஒருவர் வாழ்க்கையில் புகுந்து இவ்வளவு செய்தாயிற்று. இப்போது வந்த வேலையையும் தடுத்து நிறுத்த எனக்கு என்ன யோக்கியதை இருக்கு? இந்த ஒரு தடவையாவது என்னை நினைக்காமல் பேச வேண்டும்.

"போயிட்டு வாங்க," என்றார். குரல் தடுக்காமல் வந்தது. "என்னைப் பத்திக் கவலைப்படாதே. எனக்கு என்ன குறை? அக்கா இருக்கா, தோட்டம் இருக்கு. தாராளமாப் போயிட்டு வாங்க."

தான் செய்த காரியங்களிலேயே நல்ல காரியம் என்று ஒரு கணம் நினைத்தார்.

மகள் அவரையே பார்த்துக்கொண்டிருந்தாள். அவள் முகத்திலிருந்த ஏதோ ஒன்று மெல்ல மூடிக்கொண்டது.

"அவ்வளவுதானாப்பா?"

"ஏம்மா, நல்ல வேலைதானே?"

"நல்ல வேலைதான்." எழுந்தாள். அட்டைப்பெட்டியைத் தூக்கினாள். அவர் வாங்கிக்கொள்ளக் கை நீட்டினார். "வேண்டாம்ப்பா, உங்க கையில சேறு."

"டீ குடிக்கலையே."

"ஆறிடுச்சு."

வாசல்வரை அவள் பின்னாலேயே போனார். படியிறங்கும்போது அவள் ஒரு தடவை நின்றாள். அவர் ஏதாவது சொல்வார் என்று நின்ற மாதிரி இருந்தது.  "பார்த்துப் போ" என்றார். அவள் தலையாட்டிவிட்டுப் போனாள்.

மாப்பிள்ளை இறங்கிவந்து பெட்டியை வாங்கிப் பின்னால் வைத்தார். அவளிடம் ஏதோ கேட்டார். அவள் ஏறி உட்கார்ந்து கதவைச் சாத்தினாள். வேன் கிளம்பித் தெருமுனையில் திரும்பியது. இந்தத் தடவை மகள் அழுதுகொண்டிருந்தாள். வண்டிக் கண்ணாடி வழியாக அவருக்கு நன்றாகத் தெரிந்தது.

*

"என்ன சொன்னே அவகிட்ட?" என்றாள் அக்கா. கொல்லைப்புறமாக வந்து மேஜையில் ஆறிப்போன கோப்பையைப் பார்த்தபடி நின்றாள்.

சொன்னார். வேலை, வெளிநாடு, திங்கட்கிழமை, எல்லாம். "தாராளமாப் போயிட்டு வாங்கன்னு சொல்லிட்டேன். எனக்குன்னு நினைக்கக் கூடாதுன்னு மனசைக் கல்லாக்கிக்கிட்டுச் சொன்னேன்."

அக்கா நாற்காலியை இழுத்துப்போட்டு உட்கார்ந்தாள்.

"டேய், போறதுக்கு உத்தரவு கேக்கவாடா அவ வந்தா? போறதுன்னு முடிவு பண்ணியிருந்தா ஒரு ஃபோன்ல சொல்லியிருக்க மாட்டாளா?"

"பின்ன?"

"ஆறு மாசமா ஒரு தடவைகூட நீ அவளை வான்னு கூப்பிடலை. எப்படி இருக்கேன்னு கேக்கலை. அவளா ஃபோன் பண்ணினா ம், ம்னுட்டு வெச்சுடுவே. எங்கப்பாவுக்கு நான் வேணுமா, வேண்டாமான்னு தெரிஞ்சுக்க வந்திருக்கா. இருன்னு ஒரு வார்த்தை. அதைக் கேட்டுட்டு அப்புறம் அவ போனாலும் போயிருப்பா. அது வேற. நீ என்னடான்னா எனக்கு என்ன குறைன்னு அனுப்பி வெச்சிருக்கே."

அவர் ஆறிய கோப்பையை நகர்த்தினார்.

"நான் நல்லதுன்னு நினைச்சு..."

"நினைச்சே. அன்னிக்குப் பேசக் கூடாத இடத்துல பேசினே. இன்னிக்குப் பேச வேண்டிய இடத்துல வாயை மூடிக்கிட்டே." அக்காவின் குரலும் இறங்கிவிட்டது. "உன்னைத் திட்டி எனக்கு என்ன ஆகப்போகுது. போ, போய்க் கையைக் கழுவு."

தொட்டிக் குழாயைத் திறந்து கை கழுவினார். நகக்கண்ணில் ஏறிய கறுப்புச் சேறு போகவில்லை. ஃபோனைக் கையில் எடுத்தார், வைத்தார். எதிரே உட்கார்ந்திருந்தவளிடம் சொல்லாமல் விட்டதை இதில் எப்படிச் சொல்வது? நேரில் போய்த்தான் சொல்ல வேண்டும். இன்றைக்கே. திங்கட்கிழமைக்கு முன்னால்.

வேறு சட்டை மாட்டினார். செருப்பில் காலை நுழைத்துவிட்டு, அப்படியே நின்றுவிட்டார்.

"அக்கா."

"என்ன?"

"அவங்க எந்தத் தெருவுல இருக்காங்க?"

 அக்கா தம்பியின் முகத்தைப் பார்த்தாள்.

"குளிர் ஆரம்பத்துல நான் இங்க வந்தப்ப கடைத்தெருவுல அவளைப் பார்த்தேன். ஒரு சீட்டுல விலாசம் எழுதிக் குடுத்தா. அப்பா கேட்டா குடுங்க அத்தை, கேக்கலைன்னா நீங்களா குடுக்க வேண்டாம்னு சொல்லிட்டா." எழுந்து போய்த் தன் பெட்டியைத் திறந்தாள். "இன்னிக்குக் கேக்கறே."

நாலாக மடித்த சின்னக் காகிதம். மடிப்பு ஓரம் பழுப்பேறியிருந்தது. மகளின் நூலகக் கையெழுத்து, ஒவ்வொரு எழுத்தும் தனித்தனியாக. அவர் ஒரு தடவை படித்தார். தப்பாகப் படித்துவிட்டோமோ என்று வெளிச்சத்துக்குக் கொண்டுபோய் இன்னொரு தடவை படித்தார்.

தண்ணீர்த் தொட்டிக்கு அந்தப் பக்கத் தெரு. நடந்தே போய்விடலாம், கால்மணி நேரம்.

அந்தத் தெரு அவருக்குத் தெரியும். போன மாதம் அங்கே ஒரு வீட்டின் வெளிக்குழாய் முழுவதையும் மாற்றிக் கொடுத்தார். ஒரு ஞாயிற்றுக்கிழமை, காலையிலிருந்து சாயங்காலம்வரை தெருவோரம் உட்கார்ந்து, கூட வந்த ஆட்களோடு உரக்கச் சிரித்துப் பேசிக்கொண்டு வேலை பார்த்தார்.

சீட்டில் இருந்தது அதற்கு நேர் எதிர்வீட்டு எண், அன்று முழுக்க அவர் முதுகு காட்டி உட்கார்ந்திருந்த வீடு.